வெளிவீதியில் நின்று வாசிக்கும் கைபேசி

எங்கள் ஊர்க் கோயிலில் கொடியேறினால் வீதியில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். ஒன்று தேர்முட்டிக்குப் பக்கத்தில், மற்றது சந்திக் கம்பத்தில். இடையில் 100 மீற்றர் இருக்கும். சின்ன வயதில் அந்தத் தூரத்தைச் சைக்கிளில் ஓடித் திரியும்போது ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறேன். தேர்முட்டி ஸ்பீக்கரின் கீழ் நின்றால் தேவாரம் இரண்டு தடவை கேட்கும்: முதலில் தலைக்கு மேலே, பிறகு சந்தியிலிருந்து. சந்திக்குப் போனால் முறை மாறிவிடும். நட்டநடுவில் நின்றால் மட்டும் இரண்டும் ஒரே குரலாகும். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நேரத்தில்தான் ஒலி போகிறது. காற்றில் நடந்து வரத்தான் அதற்கு நேரம் பிடிக்கிறது. எங்கள் வெக்கையில், 30 பாகை செல்சியஸில், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடும். 100 மீற்றருக்குக் கால் விநாடிக்குச் சற்று மேல்.

இந்தக் கணக்கைச் சுருக்கினால் நல்லதொரு வாய்பாடு கிடைக்கும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிவிநாடி, ஏறத்தாழ ஓர் அடி. கைபேசியையும் குட்டிக் கணினியையும் மேடையில் வாத்தியமாக வாசிப்பதைப் பற்றிப் பேச வந்தால் பாதிக் குழப்பத்தை இந்த வாய்பாடே தீர்த்துவிடும். என்ன செயலி, போன் எத்தனை ரூபா என்பதெல்லாம் பிறகு. விரல் பட்ட இடத்துக்கும் ஒலி வரும் இடத்துக்கும் நடுவில் எத்தனை அடி? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எனக்கு இது உறைத்தது எங்கள் வாசிகசாலையின் ஆண்டு விழாவில். உயர்தரம் படிக்கும் பொடியன் ஒருவன், தன் போனில் உள்ள தாளச் செயலியைத் தட்டி ஒரு பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வந்தான். வீட்டில் வயர் இயர்போனைக் காதில் மாட்டி இரண்டு கிழமை பழகியிருந்தான். நான் கேட்டேன், சுத்தமாக இருந்தது. மேடையில் புளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்தார்கள். முதல் ஆவர்த்தனத்திலேயே பாடுகிற பிள்ளை திரும்பிப் பார்த்தது. தான் பிந்துகிறேன் என்று நினைத்து அவன் முந்தித் தட்ட, அவளும் குழம்பி மெதுவாக்க, பாட்டு நாலு நிமிடத்தில் தேர் இழுக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. லயம் இல்லாத பொடியனை ஏன் மேடை ஏற்றினீர்கள் என்று முன் வரிசையில் ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. தவில் வாசிக்கிற அண்ணை ஒருவர் மட்டும் மேடைக்குப் பின்னால் வந்து அவனிடம் சொன்னார்: "தம்பி, உன்ர லயத்தில பிழையில்லை. உன்ர சத்தம் வெளிவீதியாலை சுத்தி வருது."

அவருக்கு மில்லிவிநாடி தெரியாது. ஆனால் சொன்னது அச்சொட்டான கணக்கு. சாதாரண புளூடூத் ஸ்பீக்கரில் ஒலி வெளிவர 100 முதல் 200 மில்லிவிநாடிக்கு மேலும் பிந்தும். ஒலியை முதலில் சுருக்க வேண்டும், பொதி பொதியாக வானலையில் அனுப்ப வேண்டும், வழியில் தொலைந்த பொதியைத் திரும்ப அனுப்ப அவகாசம் வைக்க வேண்டும், மறுபக்கத்தில் விரிக்க வேண்டும். பாட்டுக் கேட்கிறவருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. வாசிக்கிறவருக்கு 200 மில்லிவிநாடி என்பது 70 மீற்றர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். விநாடிக்கு 8 அடி விழும் ஒரு நடையில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 125 மில்லிவிநாடிதான். நீங்கள் இரண்டாவது அடியை அடித்து முடித்த பிறகுதான் முதலாவது அடி கேட்கும்!

தவிலில் இந்தக் கதையே இல்லை. வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கம்பு. பட்ட இடத்திலேயே ஒலி பிறக்கிறது. இணுவிலும் அளவெட்டியும் வளர்த்தெடுத்த மேளக் கலையில், யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்றவர்கள் கொண்டுபோன வேகத்தில், கைக்கும் காதுக்கும் நடுவே ஒரு தடையும் இருந்ததில்லை. தவில் சமா நடக்கும்போது கலைஞர்கள் ஏன் ஒருவரை ஒருவர் உரசாத குறையாக வட்டம் கட்டி நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாலைந்து அடிக்குள் நின்றால் ஒருவர் ஒலி மற்றவருக்கு 5 மில்லிவிநாடிக்குள் போய்விடும். மேடைகள் பெரிதாகி ஆளுக்கு ஆள் 20, 30 அடி என்று பிரிந்து இருந்தபோதுதான், தன்னுடைய ஒலியும் பக்கத்தவர் ஒலியும் திரும்பிக் கேட்க மொனிட்டர் ஸ்பீக்கர் தேவைப்பட்டது.

ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃபும் அவருடன் இருந்தவர்களும் இதைக் கைதட்ட வைத்தே சோதித்திருக்கிறார்கள். இருவரைத் தனித்தனி அறைகளில் இருத்தி, ஒருவர் தட்டலை மற்றவருக்குச் சற்றுப் பிந்த அனுப்பினார்கள். தாமதம் கூடக் கூட, தட்டலின் வேகம் தானாகவே இறங்கியது. ஒருவருக்கொருவர் காத்திருந்து காத்திருந்து இருவரும் மெதுவாகிவிடுகிறார்கள். வாசிகசாலை மேடையில் நடந்தது இதேதான். ரொறொன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளை இணையத்தில் பாட, இங்கே தாத்தா மிருதங்கம் வாசிக்க முடியாததற்கும் இதுவே காரணம். இரண்டு ஊருக்கும் நடுவில் 13,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். நேர்கோட்டில் போனாலும் ஒரு வழிக்கே 65 மில்லிவிநாடி. எத்தனை வேகமான இணைப்பு வாங்கினாலும் இந்தத் தூரம் குறையாது.

சரி, புளூடூத்தைக் கழற்றிவிட்டு வயர் போட்டால் தாமதம் போய்விடுமா? பெரும்பகுதி போய்விடும், மிச்சம் போனுக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடித் திரை விரலை இடையறாமல் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, கண் சிமிட்டுவது போல இடைவிட்டுப் பார்க்கிறது. விநாடிக்கு 60 தடவை பார்க்கும் திரையில் விரல் 16 மில்லிவிநாடி வரை கவனிக்கப்படாமல் காத்திருக்கலாம். 120 தடவை பார்த்தால் 8. அடுத்தது ஒலித் தாங்கி, பஃபர். போன் ஒலியைத் துளித்துளியாக அனுப்பாது. கிணற்றிலிருந்து வாளியால் அள்ளித் தொட்டியில் ஊற்றுவது போல, ஒரு வாளி நிறைந்த பிறகே ஊற்றும். விநாடிக்கு 48,000 மாதிரிகள், அதாவது ஒலியின் சின்னச் சின்ன அளவீடுகள், என்ற கணக்கில், 256 மாதிரி பிடிக்கும் வாளி நிறைய 5 மில்லிவிநாடிக்குச் சற்று மேல் எடுக்கும். 1,024 பிடிக்கும் வாளிக்கு 21. சின்ன வாளி வைத்தால் தாமதம் குறையும், ஆனால் அள்ளுகிறவர் ஒரு கணம் பராக்குப் பார்த்தாலும் தொட்டி வறண்டு 'டக் டக்' என்று ஒலி வெட்டும். வாளியைப் பெரிதாக்கினால் வெட்டாது, பிந்தும். மேடையில் கணினி வைத்து வாசிக்கிற எல்லோரும் இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் குடித்தனம் நடத்துகிறார்கள்.

ஐபோனுக்கு இந்தப் பாதை ஆரம்பத்திலிருந்தே குறுகலாக இருந்தது. போனும் மென்பொருளும் ஒரே கையில் இருந்ததால் அது இலகு. அன்ட்ரொயிட்டை எத்தனையோ நிறுவனங்கள் எத்தனையோ விதமான மின்சில்லுகளில் ஓட்டின. ஒலி பல கலவைப் படிகளைக் கடந்து வர 100 மில்லிவிநாடிக்கு மேல் ஆவது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். 2012இல் வந்த 4.1 பதிப்பு ஒரு குறுக்கு வழியைத் திறந்தது. 2015இன் 6.0 பதிப்பில் மிடி வசதி, அதாவது எந்த ஸ்வரம் என்ற குறிப்பை மின்வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் முறை, வந்தது. அதோடு, ஒலி உள்ளே போய் வெளியே வர 20 மில்லிவிநாடி அல்லது அதற்குக் குறைவாக எடுக்கும் போன்கள் தங்களை இசைத் தொழிலுக்கு உகந்தவை என்று அறிவிக்கவும் ஏற்பாடு வந்தது. 2017இன் 8.0 பதிப்பில் புதிய ஒலிப்பாதை ஒன்றே கிடைத்தது. ஆனாலும் இது போனுக்குப் போன் வேறுபடும். நல்ல கமரா உள்ள விலையுயர்ந்த போன் ஒலியில் சோம்பேறியாக இருக்கலாம். கடையில் கேட்டால் சொல்ல மாட்டார்கள், தட்டித்தான் பார்க்க வேண்டும்.

கையில் அடங்கும் மின்கருவியில் மேடை இசை என்பது ஸ்மார்ட்போனோடு பிறந்ததல்ல. நின்டெண்டோவின் கேம்போய் என்ற விளையாட்டுப் பெட்டி 1989இல் வந்தது. அதற்குள் இருந்தவை நாலே நாலு ஒலித்தடங்கள். 1998இல் ஒலிவர் விட்சோ எழுதிய நனோலூப், 2000இல் யோஹான் கொட்லின்ஸ்கி எழுதிய எல்எஸ்டிஜே என்ற இரண்டு மென்பொருட்களும் அந்தப் பெட்டியை மேடை வாத்தியமாக்கின. பொத்தானை அழுத்திய கணத்தில் ஒலி வரும். இடையில் புகுந்து பிந்த வைக்க அதற்குள் வேறு வேலையே இல்லை. இன்றைய போனை விட ஆயிரம் மடங்கு பலவீனமான பெட்டி, வாத்தியம் என்ற வகையில் சுறுசுறுப்பானது. பிறகு பாம் (Palm) போன்ற கைக்கணினிகளுக்கும் இசை மென்பொருட்கள் வந்தன. அலெக்சாண்டர் சொலொடோவின் சன்வொக்ஸ் அந்தக் காலத்துக் கருவிகளில் தொடங்கி இன்றைய போன் வரை ஓடுகிறது.

கேம்போய் நாலு சின்னப் பற்றரியில் இயங்கியது. அதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. 1990இல் போரால் கரண்ட் நின்ற பிறகு யாழ்ப்பாணத்தில் அந்த நாலு பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின் சில்லை ஒருவர் கையால் மிதிக்கட்டை பிடித்துச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தை டயோட் வைத்து நேராக்கி, ரேடியோவிலும் கசெற் பிளேயரிலும் பாட்டுக் கேட்ட தலைமுறை நாங்கள். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் இழுபடும், கதாநாயகி ஆண் குரலில் பாடத் தொடங்குவாள். அந்த டைனமோ தரக்கூடியது 6 வோல்ட்டில் 3 வாட் அளவு. இன்று கையில் இருக்கிற போன் பாட்டு வாசிக்க அதுவே போதும். அன்றைக்கு இது இருந்திருந்தால் ஒரு கோஷ்டியையே சைக்கிளில் ஓட்டியிருக்கலாம் என்று நண்பன் ஒருவன் சொல்லுவான்.

வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பாடிப் பழகும் வீடுகளில் இன்றைக்குச் சுருதி வருவது பெரும்பாலும் போனிலிருந்துதான். மரத் தம்புராவுக்குப் பதில் மின் சுருதிப் பெட்டி வந்தபோதே, பெங்களூர் ரடெல் நிறுவனத்தின் பெட்டிகள் மேடை ஏறியபோதே, பாதி விவாதம் முடிந்துவிட்டது. "போனில் என்ன சங்கீதம்" என்று கேட்கிற அதே ஆசிரியர் தம்புராச் செயலியைத் தட்டிவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குகிறார். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. சுருதிக்குத் தாமதம் கிடையாது. ஓடிக்கொண்டே இருக்கும் ஒலி 200 மில்லிவிநாடி பிந்தினால் யாருக்குத் தெரியும்? போன் தானாக ஓடும் வேலைகளில் கெட்டிக்காரன். விரலுக்குப் பதில் சொல்லச் சொன்னால்தான் தடுமாறுகிறது.

தாளத்தில் தடுமாறும் அதே கண்ணாடி, ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகத்தில் கீபோர்டை விட நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் இசைக்குழுக்களில் நெடுங்காலமாக இருக்கும் கீபோர்டுக்கு ஸ்வரம் என்பது ஒரு கட்டை. தோடி ராகத்தின் காந்தாரம் ஒரு கட்டைக்குள் அடங்குமா? 1983இல் வந்த மிடி முறையும் கட்டைகளை நினைத்தே எழுதப்பட்டது: 128 ஸ்வரங்கள், 16 வழிகள். ஸ்வரத்தை வளைக்கக் கையால் உருட்டும் ஒரு சில்லு உண்டு. அதில் 16,384 படிகள் இருந்தாலும் ஒரு வழியில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைக்கும். ஒவ்வொரு விரலுக்கும் தனி வழி கொடுத்துத் தனித்தனியாக வளைக்கும் எம்பிஈ என்ற நீட்சி முறைப்படி ஏற்கப்பட்டது 2018இல்தான். கண்ணாடியில் விரலை வழுக்கினால் ஸ்வரமும் வழுக்கும். ஜியோஷ்ரெட் என்ற செயலியில் மகேஷ் ராகவன் ஐபேடில் வாசிக்கும் கர்நாடக இசையைக் கேட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கண்ணாடிக்கு அழுத்தம்தான் புரியாது. மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தட்டினாலும் அதற்கு ஒன்றுதான். ஐபேடின் கராஜ்பாண்ட் இதற்கு ஒரு தந்திரம் செய்தது: தட்டும்போது கருவி எவ்வளவு அதிர்கிறது என்று உள்ளே இருக்கும் அசைவுமானியிடம் கேட்டது. மேசையில் வைத்துத் தட்டினால் சுமாராக வேலை செய்யும். தவிலின் இரண்டு பக்கங்களான தொப்பிக்கும் வலந்தலைக்கும் முன்னால் அது பிள்ளை விளையாட்டுத்தான்.

மடிக்கணினி மேடைக்கு வந்தபோது எங்கள் ஊரில் அதற்குக் கிடைத்த வேலை வேறு. பெரிய கோஷ்டி கூப்பிடக் காசில்லாத கல்யாணத்திலும் பிறந்தநாளிலும் ட்ராக் போட்டுப் பாடுகிறார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. பத்துப் பேருக்குச் சோறும் வாகனமும் கொடுக்க எல்லோராலும் முடியாது. ஆனால் அதைக் கணினியில் இசை வாசிப்பது என்று சொல்லக்கூடாது. ட்ராக் யாருக்காகவும் நிற்காது. பாடுகிறவர் ஒரு சங்கதியை நீட்டினால் விட்டுவிட்டு ஓடிவிடும். 2005இல் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் டான் ட்ரூமனும் பெரி குக்கும் மடிக்கணினி வாத்தியக்குழு ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அரைக்கோள வடிவில், ஆறு திசையில் ஒலிக்கும் தனி ஸ்பீக்கர் இருந்தது. ஒலி மேடையின் இரண்டு மூலைகளில் அடுக்கிய பெட்டிகளிலிருந்து வரவில்லை, வாசிக்கிறவர் மடியிலிருந்தே வந்தது. சில ஆண்டுகளில் ஸ்டன்போர்டில் கே வாங்கும் நண்பர்களும் கைபேசி வாத்தியக்குழு அமைத்தபோது, ஸ்பீக்கரைக் கையுறை போல அணிந்துகொண்டார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நாயனக்காரர் திரும்பினால் நாயனத்தின் விரிந்த வாயான அணைசும் திரும்புகிறது, ஒலியும் திரும்புகிறது. அவர்கள் தேடியது அதைத்தான். இரண்டடி தூரத்தில் ஸ்பீக்கர் இருந்தால் தாமதத்திலும் பல அடிகள் மிச்சம்.

35 டொலர் விலையில் 2012இல் வந்த ராஸ்பெரி பை என்ற அட்டைக் கணினியை வாத்தியமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். சாம் ஆரன் அதற்காகவே சோனிக் பை என்ற நிரலை எழுதினார். நிரலை மேடையில் நேரடியாக எழுதி எழுதி இசையை மாற்றலாம். நான் இரண்டு மாதம் அதோடு மினக்கெட்டேன். மூளை போதும், காது போதாது: ஒலி உள்ளே வர வழியே இல்லை, வெளியே போகும் துளையின் தரமும் சுமார்தான். நல்ல ஒலிக்குத் தனி அட்டை பூட்ட வேண்டும். அதற்கெனப் பற்றரியும் இல்லை. மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன 2022இல், ஓடிக்கொண்டிருந்தபோதே கரண்ட் போய், மெமரி கார்ட் பழுதாகி, எழுதியதெல்லாம் போயிற்று. போனுக்கு இந்த ஆபத்து இல்லை. கரண்ட் போன மேடையில் கடைசியாகச் சாவது அதுதான்.

போனை மேடையில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் சில்லறை விஷயங்கள். சார்ஜரில் போட்டபடி மிக்ஸருக்கு வயர் கொடுத்தால் 'ர்ர்ர்' என்று இரையும். சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடும், முதல் நாளே முழுக்கச் சார்ஜ் ஏற்றி வருவது நல்லது. சித்திரை வெயிலில் திறந்த மேடையில் வைத்தால் சூடேறிய போன் தன்னைக் காக்கத் தன் வேகத்தைத் தானே குறைக்கும், பஃபர் வறண்டு ஒலி வெட்டத் தொடங்கும். ஈரத் துணியைப் போட்டு மூடாதீர்கள், நிழலில் வையுங்கள். இயர்போன் துளை இல்லாத போனுக்கு யூஎஸ்பியில் செருகும் சின்ன மாற்றி வேண்டும், அதில் ஒன்று கூடுதலாகப் பையில் இருக்க வேண்டும். ஃபிளைட் மோட் போட மறந்தால், சபைக்கு நடுவில் மாமியின் அழைப்பு ஸ்பீக்கரில் வரும். புளூடூத் மிடி என்பது வேறு விஷயம்: அதில் போவது ஒலியல்ல, எந்த ஸ்வரம் என்ற சின்னக் குறிப்பு மட்டும். அதனால் அது ஓரளவு சமாளிக்கும்.

தாமதத்தை வீட்டிலேயே அளக்கலாம். வாசிக்கும் போனுக்குப் பக்கத்தில் இன்னொரு போனைப் பதிவுக்கு வைத்து, திரையை நகத்தால் தட்டுங்கள். நகத்தின் 'டிக்' முதலிலும் செயலியின் ஒலி பிறகும் பதிவாகும். அதைக் கணினியில் ஏதாவது ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தால் இரண்டு மேடுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரியும்.

அந்தப் பொடியனின் போனை விழா முடிந்து ஒரு கிழமையில் இப்படி அளந்தோம். புளூடூத்தில் 230 மில்லிவிநாடி. வயரில் 40. புளூடூத் என்றால் 80 மீற்றர், வயர் என்றால் 14 என்று நான் தாளில் எழுதிக் காட்ட, தவில் அண்ணை அதைப் பார்க்கவில்லை. போனை வாங்கிச் சுண்டுவிரலால் நாலு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்தார்.

"இப்ப உள்வீதிக்கு வந்திட்டாய்," என்றார். "வசந்த மண்டபத்துக்கு எப்ப வாறாய்?"